சிப்பித்தூளின் உண்மை விலை

2023ஆம் ஆண்டின் முதல் மீன்பிடிப் பருவத்தில், பெரு நாட்டின் வடக்கு, நடுக் கடற்பகுதிகளில் நெத்திலி பிடிக்க அந்நாட்டு அரசு தடை விதித்தது. எல் நினோவால் கடல் சூடேறியிருந்தது. சோதனைக்கு விட்ட வலைகளில் சிக்கியவற்றில் பெரும்பகுதி இன்னும் குஞ்சுகளாகவே இருந்தன. பெருவின் நெத்திலி நம் ஊர் நெத்திலிக்கு உறவு. ஆனால் அது பெரும்பாலும் சமையலறைக்குப் போவதில்லை. வேகவைத்து, பிழிந்து, உலர்த்தி, அரைத்து மீன்தூளாகிறது. உலகில் உற்பத்தியாகும் மீன்தூளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரே மீனினத்திலிருந்து வருகிறது. ஆழ்கடலின் குளிர்நீர் சத்துகளைச் சுமந்து மேலே எழும்பும்போது அங்கே மீன் கொழிக்கும். எல் நினோ ஆண்டுகளில் அந்த எழுச்சி தளர்ந்து மீனும் குறையும். 1970இல் 1.2 கோடி டன்னைத் தாண்டியிருந்த நெத்திலிப் பிடிப்பு, 1972-73இல் வந்த எல் நினோவோடு சரிந்தது. அளவுக்கு மீறிய மீன்பிடிப்பும் அந்தச் சரிவில் சேர்ந்திருந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் உலகின் மீன் பண்ணைகள் அதே கடலின் மனநிலையை நம்பித்தான் தீவனம் வாங்குகின்றன.

இத்தனைக்கும் உலகம் உண்ணும் மீனில் பண்ணை மீனின் பங்கு முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு உயர்ந்துவிட்டது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு தரும் கணக்குப்படி, 2022இல் பண்ணைகளில் வளர்த்தெடுத்த நீர்வாழ் விலங்குகள் 9.44 கோடி டன். வலைவீசிப் பிடித்ததைப் பண்ணை முந்தியது அந்த ஆண்டில்தான். மீன்தூள் உற்பத்தியோ ஆண்டுக்கு 50 லட்சம் டன் அளவிலேயே நிற்கிறது. ஒரு கிலோ மீன்தூளுக்கு நான்கு முதல் ஐந்து கிலோ பச்சை மீன் வேண்டும். 1994இல் தூளுக்கும் எண்ணெய்க்குமாக 3 கோடி டன் மீன் ஆலைக்குப் போனது. அதன்பின் அந்த அளவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இனி அதை உயர்த்தக் கடலில் இடமில்லை. நம் கரைகளில் இழுவை மடியில் ஏறும் சங்காயம், அதாவது வளர்ந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கக்கூடிய குஞ்சு மீன்களும் கலந்த கழிசல், உலர்ந்து தீவனத்துக்குப் போவதும் இதே கதையின் ஒரு கிளைதான்.

இந்த நெருக்கடிக்குத் தொழில் கண்ட முதல் விடை சோயா. நார்வேயின் சால்மன் தீவனத்தில் 1990இல் ஏறத்தாழ 90 விழுக்காடு கடலிலிருந்து வந்த பொருட்கள். 2020இல் அது 22 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. மிச்சத்தைச் சோயா, கோதுமை, கடுகினத்தைச் சேர்ந்த ரேப் விதையின் எண்ணெய் போன்றவை நிரப்புகின்றன. இது சிறிய சாதனையல்ல. ஆனால் ஊனுண்ணி மீனின் குடல் தானியத்துக்காக அமைந்ததன்று. சோயா மாவில் உள்ள சப்போனின் போன்ற பொருட்கள் சால்மனின் பின்குடலில் அழற்சியை உண்டாக்குகின்றன. அதனால் அவற்றை நீக்கிச் செறிவூட்டிய சோயாப் புரதத்தையே பயன்படுத்த வேண்டியிருக்கிறது. சோயாவில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. டாரின் என்ற சத்து தாவரப் புரதங்களில் அநேகமாக இல்லவே இல்லை. இவற்றைத் தனியாக வாங்கிக் கலக்கலாம். கலந்த பிறகும் சில மீன்கள் தீவனத்தை வாயில் எடுத்துத் துப்பிவிடுகின்றன. தீவனத்தில் புரதம் எத்தனை விழுக்காடு என்று ஆய்வகம் சொல்லிவிடும். அதைத் தின்பதா வேண்டாமா என்பதை மீன்தான் தீர்மானிக்கிறது.

சிப்பி இங்கேதான் வருகிறது. வட ஐரோப்பாவின் கரைகளில் நீலச் சிப்பி என்று ஓர் இனம் உண்டு. கன்னியாகுமரிக் கரையில் பாறையிலிருந்து பெயர்த்தெடுத்துக் குழம்பு வைக்கும் சிப்பிக்கு அது நெருங்கிய சொந்தம். கடலில் தொங்கவிட்ட கயிற்றில் அதன் குஞ்சுகள் தாமாகவே வந்து, பட்டுப்போன்ற இழைகளால் ஒட்டிக்கொள்கின்றன. விதை வாங்க வேண்டாம், தீவனம் போட வேண்டாம், நன்னீர் வேண்டாம், நிலமும் வேண்டாம். வளர்ந்த ஒரு சிப்பி ஒரு மணி நேரத்தில் இரண்டு முதல் ஐந்து லிட்டர் நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்பாசியை வடித்துத் தின்றுவிட்டு வெளியே விடுகிறது. அதன் சதையை ஆவியில் வேகவைத்து, ஓட்டை உதறி, உலர்த்தி அரைத்தால் கிடைக்கும் தூளில் 60 முதல் 70 விழுக்காடு புரதம். அமினோ அமிலங்களின் விகிதம் மீன்தூளை ஒத்தது. டாரின் ஏராளம். மீன் எண்ணெயில் நாம் தேடும் ஒமேகா-3 கொழுப்புகளும் அதில் இருக்கின்றன. கிளைசின், பீட்டெயின் போன்ற கரையும் பொருட்களின் வாசனையை நீரில் உணர்ந்ததுமே மீன் தீவனத்தை நாடி வருகிறது.

இதை மீன்களே உறுதி செய்திருக்கின்றன. ஸ்வீடனில் ஆர்க்டிக் சார் என்ற குளிர்நீர் மீனுக்கு மீன்தூளுக்குப் பதிலாகச் சிப்பித்தூள் கொடுத்தபோது வளர்ச்சி குறையவில்லை. ஐரோப்பிய நாக்கு மீன் பண்ணைத் தீவனத்தைச் சரியாகத் தின்னாது என்று பெயர் வாங்கியது. சிப்பித்தூள் கலந்த தீவனத்தில் அதுவும் நன்றாக வளர்ந்தது. எனக்கு இவற்றில் மிக முக்கியமாகப் படுவது, டர்பட் என்ற தட்டை மீனை வைத்து ஜெர்மானிய ஆய்வாளர்கள் செய்த சோதனை. ரேப் விதைப் புரதம் மிகுந்த தீவனத்தை அந்த மீன் விரும்புவதில்லை. அதில் சிப்பிப் புரதம் சிறிதளவு சேர்த்ததும் உண்ணும் அளவு கூடியது. தாவரப் புரதத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல், அதை மீன் ஏற்கும்படி செய்யும் பொருள் இது. சோற்றுக்குக் குழம்பு செய்யும் வேலையைத் தீவனத்துக்குச் சிப்பித்தூள் செய்கிறது. குழம்பைச் சோற்றின் அளவுக்கு ஊற்ற வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் உலகத் தீவனச் சந்தையில் சிப்பித்தூளை ஏன் காணோம்? காரணம் எளிய கணக்கு. உயிருள்ள சிப்பியின் எடையில் பெரும்பகுதி ஓடும் நீரும். சதையிலும் ஐந்தில் நான்கு பங்கு நீர். எல்லாம் போக, நூறு கிலோ சிப்பியில் ஐந்து கிலோ தூள் தேறினால் அதிகம். ஒரு டன் தூளுக்கு 20 டன் சிப்பியைக் கரையேற்ற வேண்டும். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டன் சிப்பி வளர்க்கிறார்கள். அதை ஒன்று விடாமல் அரைத்தாலும் ஒரு லட்சம் டன் தூள்தான். மீன்தூள் உற்பத்தியில் அது இரண்டு விழுக்காடு. ஆகவே, சிப்பி வந்தால் பெருவின் நெத்திலி பிழைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விலையிலும் அப்படித்தான்: டன்னுக்கு 1,500 முதல் 2,000 டாலர் வரை விற்கும் மீன்தூளோடு, 20 டன் சிப்பியை வளர்த்து இழுத்து வேகவைத்து உலர்த்திய தூள் நேருக்கு நேர் நின்று போட்டியிட முடியாது. புரதம் என்ற ஒரே பெயரில் சிப்பித்தூளை விற்கப் போனால் தோல்வி உறுதி. அதன் மதிப்பின் பெரும்பகுதி தூளுக்குள் இல்லை. சிப்பி வளர்ந்த கடலில் இருக்கிறது.

அந்தக் கடலைப் பார்க்க பால்டிக் பகுதிக்குப் போக வேண்டும். ஒன்பது நாடுகள் சூழ்ந்த, அட்லாண்டிக்கோடு குறுகிய வாசல்களால் மட்டுமே இணைந்த அந்தக் கடலின் வடிநிலத்தில் சுமார் 8.5 கோடி மக்கள் வாழ்கிறார்கள். வயல்களில் இட்ட உரமும் தொழுவங்களின் கழிவும் நகரங்களின் சாக்கடையும் ஆறுகள் வழியே வந்து சேர்கின்றன. நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுந்ததும் நுண்பாசி மண்டுகிறது. செத்து அடியில் விழுகிறது. அழுகும்போது அடிநீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. ஆக்சிஜன் வறண்ட அடிப்பரப்பு நூறாண்டுக்கு முன் சுமார் 5,000 சதுர கிலோமீட்டர். இப்போது 60,000 சதுர கிலோமீட்டருக்கும் மேலாக விரிந்த ஆண்டுகள் உண்டு. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ பாதி அது. நிலத்திலிருந்து கசிந்து கடலுக்குள் போன நைட்ரஜனைத் திரும்ப எடுக்க எந்த இயந்திரமும் கிடையாது. சுத்திகரிப்பு நிலையம் கட்டலாம், உரத்தைக் குறைக்கலாம், ஆற்றங்கரையில் ஈரநிலம் அமைக்கலாம். இவையெல்லாம் இனி போகப்போவதைத் தடுக்கும். ஏற்கெனவே போய்ச் சேர்ந்ததைச் சேகரித்து, உடலில் கட்டி, கயிற்றில் தொங்கி நின்று கொடுப்பது சிப்பி. ஒரு டன் உயிர்ச்சிப்பியில் 8.5 முதல் 12 கிலோ வரை நைட்ரஜன் இருக்கிறது. அறுவடை செய்தால் அத்தனையும் கடலை விட்டு வெளியேறுகிறது.

ஸ்வீடனின் மேற்குக் கரையில் பணியாற்றிய ஒட் லிண்டால் என்ற கடலியலாளர் இந்த எண்ணத்தைப் பொருளாதாரமாக முன்வைத்தார். சிப்பி வளர்ப்பவருக்கு, அவர் நீக்கும் நைட்ரஜனுக்காகச் சமூகம் பணம் தர வேண்டும் என்பது அவர் வாதம். டென்மார்க்கின் வடபகுதியில், நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடற்கழியான லிம்ஃபியோர்டின் கிளையாகிய ஸ்கிவே ஃபியோர்டில் இதை முழு அளவில் சோதித்தார்கள். சுமார் 18 ஹெக்டேர் நீர்ப்பரப்பில் கயிறுகளைத் தொங்கவிட்டு 2010-11இல் வளர்த்த சிப்பி ஏறத்தாழ 1,100 டன். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 0.6 முதல் 0.9 டன் நைட்ரஜன் நீங்கியது. வளர்த்து அறுவடை செய்த செலவை முழுக்க அந்த நைட்ரஜன் மீது ஏற்றினால் கிலோவுக்கு 14.8 யூரோ. நிலத்தில் நைட்ரஜனைத் தடுக்க அரசுகள் செலவிடும் வழிகளில் விலை கூடியவற்றோடு ஒப்பிட்டால் இது மலிவு.

இப்போது இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒரு டன் சிப்பித்தூளுக்கு 20 டன் சிப்பி; அதில் ஏறத்தாழ 200 கிலோ நைட்ரஜன். ஸ்கிவே விலைப்படி அந்த நைட்ரஜனை நீக்கிய சேவையின் மதிப்பு சுமார் 3,000 யூரோ. அதாவது, தூளின் சந்தை விலையைவிடத் தூய்மைப்படுத்தலின் விலை கூடுதல். கடலைத் தூய்மையாக்க எப்படியும் செலவிடத் துணிந்த சமூகத்துக்கு, சிப்பி கரைக்கு வந்து சேரும்போதே அதன் விலை கொடுத்தாகிவிட்டது. தீவன ஆலை ஏற்க வேண்டியது வேகவைக்கும், ஓடு நீக்கும், உலர்த்தும் செலவை மட்டும். நம்மைத் தடுத்து நிறுத்திய அந்த ஐந்து விழுக்காட்டுக் கணக்கு இங்கே தலைகீழாகிறது: ஒரு டன் தூளுக்கு எத்தனை அதிகம் சிப்பி தேவையோ அத்தனை அதிகம் நைட்ரஜன் வெளியேறியிருக்கிறது. இந்த அத்தியாயத்தின் வாதம் இதுதான். சிப்பித்தூளை மீன்தூளின் மாற்று என்று எடை போடுவது தவறு. அழுக்கேறிய கடலைத் துப்புரவு செய்யும் பணியில் மிஞ்சும் விளைபொருள் அது. அந்தப் பணிக்கான கூலியைத் தீவனம் வாங்குபவர் மட்டும் சுமக்க முடியாது, சுமக்கவும் வேண்டியதில்லை.

உடனே எழும் மறுப்பு ஒன்றுண்டு, அது வலுவானதும்கூட. கடலிலிருந்து எடுத்த நைட்ரஜனைத் தீவனமாக்கி, அதே கடலில் கூண்டுகளில் வளரும் மீனுக்குப் போட்டால் என்ன லாபம்? மீன் தான் தின்ற நைட்ரஜனில் பாதிக்கும் குறைவாகத்தான் உடலில் சேர்த்துக்கொள்கிறது. மிச்சம் செவுள் வழியே அம்மோனியாவாகவும் கழிவாகவும் தண்ணீரிலேயே கலக்கிறது. உண்மைதான். ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று பால்டிக் கடலின் கூண்டுகளுக்குப் போகும் தீவனத்தில் தென் அமெரிக்க மீன்தூளும் பிரேசில் சோயாவும் இருந்தால், அந்தக் கழிவு அத்தனையும் வெளியிலிருந்து வந்து சேரும் புதுச் சுமை. உள்ளூர்ச் சிப்பியில் செய்த தீவனத்தின் கழிவோ ஏற்கெனவே அந்தக் கடலில் இருந்ததன் ஒரு பகுதி. மீன் உடலில் சேர்ந்தது அறுவடையோடு வெளியேறிவிடுவதால் நிகரக் கணக்கு குறைவுதான். நிலத்தில் தொட்டிகளில் நீரைச் சுழற்றி வளர்க்கும் பண்ணைக்கோ கோழிப்பண்ணைக்கோ அந்தத் தூள் போனால் லாபம் இன்னும் பெரிது. ஸ்வீடனில் முட்டைக்கோழிகளுக்கும் இதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பை 2011இல் ஸ்டாட்மார்க், கான்லி என்ற இரு ஆய்வாளர்கள் விரிவாக எழுதினார்கள். சிப்பி தின்றதில் ஒரு பகுதி எச்சமாகிக் கயிறுகளுக்கு நேர் கீழே குவிகிறது. அங்கே ஆக்சிஜன் வற்றினால், வண்டலில் கட்டுண்டிருந்த பாஸ்பரஸ் விடுபட்டு மேலே வரும். நைட்ரஜனை வாயுவாக்கி வானுக்கு அனுப்பும் நுண்ணுயிர்களின் வேலையும் தடைப்படும். இன்னொன்றையும் அவர்கள் சுட்டினார்கள். பெருங்கடலில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. நடு பால்டிக்கில் 6, 7 கிராம்தான். அந்த நீரில் சிப்பி மெல்ல வளர்ந்து சிறுத்தே நின்றுவிடுகிறது. இந்த விமர்சனத்தைத் தள்ளிவிட முடியாது. சிப்பி தின்னாவிட்டாலும் அந்தப் பாசி எங்கோ ஓரிடத்தில் அடியில் விழுந்திருக்கும் என்பது சரியான பதிலே, ஆனால் பாதிப் பதில். பரவலாக விழ வேண்டியதை ஓரிடத்தில் குவிப்பது வேறு விளைவைத் தரும். எனவே நீரோட்டம் உள்ள, ஆழத்தில் தேங்காத இடங்களுக்கே இந்த முறை பொருந்தும். உப்பு கூடிய மேற்குப் பகுதிகளும் டென்மார்க்கின் ஃபியோர்டுகளும் ஏற்றவை. பால்டிக்கின் உட்பகுதி முழுவதற்கும் இதை மருந்தாகச் சொல்வது மிகை.

நச்சு பற்றிய கவலை சட்டென்று தீரக்கூடியதல்ல. நுண்பாசிகளில் சில இனங்கள் நஞ்சை உண்டாக்குகின்றன. வடிகட்டித் தின்னும் சிப்பி அந்த நஞ்சையும் சேர்த்து வைக்கிறது. ஒகடாயிக் அமிலம் போன்றவை வேகவைத்தாலும் உலர்த்தினாலும் அழியாதவை. காட்மியம் போன்ற உலோகங்களும் சிப்பியின் உடலில் தங்கும். மனிதர் உண்ணும் சிப்பிக்கு ஐரோப்பாவில் ஏற்கெனவே நீரையும் சதையையும் சோதித்து, பாசி பூக்கும் காலங்களில் அறுவடையை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. தீவனச் சிப்பிக்கு அதில் எந்தத் தளர்வும் தரக் கூடாது என்பதே என் நிலை. தீவனந்தானே என்று விட்டுக்கொடுப்பது நாளை நம் தட்டுக்கே வந்து சேரும்.

மனிதர் உண்ணத்தக்க உணவை மீனுக்குப் போடலாமா என்ற கேள்விக்கு, எந்தச் சிப்பி என்று திருப்பிக் கேட்க வேண்டும். உணவுச் சந்தைக்குப் போகும் சிப்பி நான்கரை சென்டிமீட்டர் அளவுக்கு வளர வேண்டும். இடையில் கயிற்றை இறக்கி, தரம் பிரித்து, மறுபடி கட்ட வேண்டும். துப்புரவுக்கு வளர்ப்பதோ ஓராண்டுக்குள் இரண்டு, மூன்று சென்டிமீட்டரில் மொத்தமாக அறுவடையாகிறது. கூலி குறைவு, நைட்ரஜன் நீக்கம் அதிகம். ஆனால் அந்தப் பொடிச் சிப்பியை எந்த உணவகமும் வாங்காது. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் படன்னா பகுதியில் கயிற்றில் வளரும் பச்சைச் சிப்பி அப்படியல்ல. கல்லுமக்காய் என்று மக்கள் விரும்பி வாங்கும் உணவு அது. அதை அரைத்து இறாலுக்குப் போடுவது வளர்ப்பவருக்கும் நட்டம், உண்பவருக்கும் நட்டம். உணவாக விற்க முடிந்ததை உணவாகவே விற்க வேண்டும். தேறாத அளவிலானவற்றுக்கும் துப்புரவுக்காகவே வளர்ந்தவற்றுக்கும்தான் தீவன ஆலை.

நிகரக் கணக்கில் எல்லாம் சரியாக வந்தும் நடைமுறையில் இடறிய ஓர் இடத்தைச் சொல்லியாக வேண்டும். ஸ்வீடனின் மேற்குக் கரையில் லிசெகில் என்ற சிறு நகரம், தன் சாக்கடை நீரில் நைட்ரஜன் நீக்கும் பிரிவைக் கட்டுவதற்குப் பதிலாக, அதே அளவு நைட்ரஜனைச் சிப்பிவழி நீக்கித் தருபவருக்குப் பணம் கொடுக்க 2005இல் அனுமதி பெற்றது. அரசு ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம், அளக்கக்கூடிய பலன், கட்டடத்தைவிடக் குறைந்த செலவு. ஆனாலும் சிப்பிப் பண்ணையை நடத்திய நிறுவனம் சில ஆண்டுகளில் திவாலானது. ஒரு நகரம் தரும் நைட்ரஜன் கூலியில் மட்டும் ஒரு பண்ணை பிழைக்க முடியாது. அறுவடையான சிப்பி அத்தனையையும் ஆண்டுதோறும் வாங்கிக்கொள்ளும் ஆலை ஒன்றும் வேண்டும். ஆலைக்கோ, ஒரு சிறு பண்ணையின் சிப்பியை நம்பி நீராவிக் கலனும் உலர்த்தியும் நிறுவ முடியாது. நைட்ரஜனுக்குப் பணம் தருபவரையும் தூளுக்குப் பணம் தருபவரையும் ஒரே நேரத்தில் ஒரே ஃபியோர்டுக்குக் கொண்டு வந்து சேர்ப்பது அறிவியலாளரின் கையில் இல்லை. அது மீன்வளத் துறையும் வேளாண் துறையும் நகராட்சியும் ஒரே மேசையில் அமர்ந்து போட வேண்டிய ஒப்பந்தம். மீனின் குடல் சிப்பியை ஏற்றுக்கொண்டு ஆண்டுகள் பல ஆகின்றன. ஏற்காமல் நிற்பது அரசுகளின் கணக்கேடு.